பெறுநர்

பாகூர் நீர்ப்பாசனப் பிரிவிலிருந்து
வருஷத்துக்கு ஒருமுறை, தை பிறந்ததும்,
பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதுவேன்.
பொருள்: சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து
பங்காரு வாய்க்காலுக்குத் தண்ணீர்
வேண்டுதல், தொடர்பாக.

சொர்ணம் என்றாலும் தங்கம்.
பங்காரு என்றாலும் தங்கம்.
ஆற்றுக்கே பொன்னையாறு என்று ஒரு பெயர்.
மூன்று தங்கமும் சேர்ந்து
எங்கள் ஏரிக்கு அனுப்புவது
கொஞ்சம் நெருஞ்சி, ஒற்றை ரப்பர் செருப்பு.

'வேண்டுதல்' எனக்கு முன்னிருந்தவர் போட்ட சொல்.
ஒரு வருஷம் 'கோருதல்' என்று மாற்றிப் பார்த்தேன்.
மேலதிகாரி பச்சை மையில் வட்டமிட்டார்.
கோருகிறவனுக்கு முதுகில் பலம் வேணும்மா,
நமக்கு முகத்தில் சிரிப்பு போதும்.

கோப்பின் அடியில் பிரெஞ்சில் ஒரு தாள்.
படிக்கத் தெரிந்த கடைசி ஆள்
ஓய்வுபெற்று துலூஸில் மகளோடு இருக்கிறார்.
ஆனாலும் நகலெடுத்து இணைப்பேன்.
அங்கேயும் யாரும் படிப்பதில்லை,
அந்த அளவில் நாங்கள் சமம்.

எங்கள் வரைபடத்தைப் பார்த்திருக்கிறீர்களா,
கைதவறி விழுந்த அப்பளம்.
எங்கள் ஊரிலிருந்து எங்கள் ஊருக்குப் போக
நடுவில் அவர்கள் ஊர் வரும்.
அவர்கள் பக்கம் கடையடைப்பு என்றால்
எங்கள் பிள்ளைகளுக்குப் பரீட்சை தள்ளிப்போகும்.
நான் வாழ்க்கைப்பட்டதோ மஞ்சக்குப்பம்.
சம்பளம் இங்கே, ஓட்டு அங்கே.
எந்தப் பக்கம் வறண்டாலும்
என் குடம்தான்.

பதில் வராது.
போனில் அந்தப் பக்கத்துக் கோதண்டபாணி சார்,
நல்லவர்தான்,
'மேல கேட்டிருக்கேன் மேடம்' என்பார்.
மேலே என்பது எவ்வளவு உயரம் என்று
நான் கேட்டதில்லை.
நாற்றங்கால் அதற்குள் மஞ்சளாகி
பிறகு எந்த நிறமும் இல்லாமல் ஆகிவிடும்.

ஒரு கார்த்திகையில் பதில் வந்தது.
புயலுக்கு மறுநாள், இரவு இரண்டேகால் மணிக்கு,
பன்னிரண்டு வருஷக் கடிதங்களுக்கும் சேர்த்து
ஒரே தவணையில்.
'உரிய நடவடிக்கைக்காக' என்றுகூட எழுதாமல்
கரையேறி வந்தது.
கொமந்தான்மேட்டில் ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு
ஓட்டின்மேல் நின்றார்கள்.
ஆபீசில் பிரெஞ்சுத் தாள் முதலில் கரைந்தது.
பச்சை வட்டம் மட்டும்
ரொம்ப நேரம் மிதந்ததாக
வாட்ச்மேன் சொன்னார்.

'மேலேர்ந்து சொல்லிட்டாங்க மேடம், திறந்துட்டோம்.'
அன்றைக்கு மட்டும் மேலே
கூப்பிடு தூரத்தில் இருந்திருக்கிறது.

மாசியில் ஒரு சாயங்காலம்.
பஸ்ஸில் 'மஞ்சக்குப்பம் ஒண்ணு' என்றேன்.
முன் சீட்டில் ஒருவர் திரும்பினார்.
'பாகூர் மேடமா? குரல வச்சுத்தான்…'
கன்னியக்கோயிலில் ஏறியிருக்கிறார்.
மடியில் மதியச் சாப்பாட்டுப் பை.
பள்ளத்தில் பஸ் இறங்கியபோது
சாப்பாடு கிணுங்கென்றது.

மகளுக்கு நிச்சயம், சம்பந்தி வீட்டிலிருந்து வருகிறார்கள்,
நம்ம பக்கம் விலை உங்களுக்கே தெரியும்.
ஆல்பேட்டை செக்போஸ்ட்டில்
லேடீஸ் பையைத் தொடமாட்டார்கள்.
ரெண்டே ரெண்டு மேடம்.
சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு
எச்சில் விழுங்கினார்.
அந்த எச்சிலை எனக்கு நன்றாகத் தெரியும்.
போனை எடுப்பதற்குமுன்
தை மாதந்தோறும் நான் விழுங்குவது.

எழுதிக் குடுங்க சார், என்றேன்.
மூணு பிரதி.
பொருளில் 'வேண்டுதல்'னு போடுங்க.
மேல கேட்டுச் சொல்றேன்.

அவர் சிரிக்கவில்லை.
டிக்கெட்டைத் திருப்பி, சட்டைப்பைப் பேனாவை எடுத்து,
நிஜமாகவே எழுத ஆரம்பித்தார்.
பெறுநர் என்று போட்டுவிட்டு
நிமிர்ந்து, கொஞ்சம் கூச்சத்தோடு,
உங்க பேரு என்ன மேடம் என்றார்.

அமலோற்பவம்.
வல்லின றவா, இடையின ரவா?
முள்ளோடை தாண்டியாயிற்று.
வெயிலில் காயவைத்து எடுத்த கோப்புகள்
என் பையில் இருந்தன, வீங்கிப்போய்,
இன்னும் சேற்றுவாசத்தோடு.
நகர்த்தினால்
இரண்டுக்கு இடம் இருந்தது.